ஏறிய இடத்திலேயே இறங்கியவர்கள்

பன்னிரண்டு நிமிடமாம். தலைநகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அதைச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வானத்தை அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டது மாதிரி அவ்வளவு பெருமை. எங்கள் லோம்விக் ஊர்ப் பொதுமண்டபத்துச் சுவரில் வரைபடத்தை மாட்டி, எங்கள் விமான நிலையத்தின் மேல் கட்டைவிரலையும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டாப்னெஸ் விமான நிலையத்தின் மேல் சுண்டுவிரலையும் வைத்துக் காட்டினார்.

“பாருங்க, ஒரு கைக்குள்ள அடங்கிடுது. நேர்கோட்டுல ஐம்பது கிலோமீட்டர். விமானத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். இவ்வளவு பக்கத்துல ரெண்டு விமான நிலையம் எதுக்குன்னு அரசாங்கம் கேக்குது” என்றார்.

விமானத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், சரி. மனுஷனுக்கு? கடல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கிற தூரம் முழுவதும் சுற்றிக்கொண்டு, ஒரு மரம்கூட இல்லாத மலைமேட்டில் ஏறி இறங்கிப் போக வேண்டும். காலைச் சாப்பாட்டை இங்கே முடித்தவன் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டசாலி. பனிப்புயல் அடித்தால் சாலையில் தடுப்பை இறக்கிவிடுவார்கள். பனி தள்ளும் வண்டி வந்து முன்னால் போகும்வரை காருக்குள் குந்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். படகில் போகலாமே என்பீர்கள். ஜனவரியில் அந்தக் கடலைக் கடப்பதற்கு ஒன்று மீன் ஆசை வேண்டும், இல்லை வீட்டில் சண்டை நடந்திருக்க வேண்டும்.

நான் எழுந்து கேட்டேன். “தம்பி, அந்த ரோட்டுல நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?”

“கம்ப்யூட்டர்ல பாத்தேம்மா.”

“அதுல குளிருச்சா?”

மண்டபமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போனார். அந்த மாதிரி ஆட்களுக்கு எதுவும் உறைக்காது.

நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் காலையில் விமானம் ஏறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாயந்திர விமானத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன். பட்டணத்துக்குச் சாலையில் போனாலும் இதே கதைதான். எங்கள் ஊர் ஓடுபாதையை மூடினால் எனக்கு வீடு கிடையாது. உயிரோடு இருக்க வேண்டுமானால் பட்டணத்துக்குக் குடிபோக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதிகாரி கடைசியில் சொன்னது இதுதான்: இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஈஸ்டர் வரைக்கும் இரண்டு ஊரிலும் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணுவார்கள். எங்கே அதிகமோ அது பிழைக்கும். சொல்லிவிட்டு, எங்கள் பெண்கள் சுட்டு வைத்திருந்த வாஃபிள் அப்பத்தில் இரண்டைத் தின்று, பழுப்புச் சீஸ் அருமை என்று பாராட்டிவிட்டுப் புறப்பட்டார்.

அவர் கார் வெளியேறிய உடனேயே என் புருஷன் டோர்லைஃப் மேடை ஏறிவிட்டான். படகு வைத்திருப்பவன். ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அதற்கு அவன்தான் தலைவன். விமான நிலையப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று அங்கேயே பிறந்தது.

“நம்ம ஊர்ல நோயாளிங்க இருக்காங்க! என் வீட்டுலயே ஒருத்தி இருக்கா! அவ உயிரு அந்த ஓடுபாதையில இருக்கு!” என்று மேசையைத் தட்டினான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சிறுநீரகம் எனக்குப் பயன்பட்டதோ இல்லையோ, மேடையில் அவனுக்கு நன்றாகப் பயன்பட்டது.

“சரி, ஆளாளுக்குப் பட்டணம் போய் வருவோம்” என்றாள் மீன் பதனிடும் கூடத்தில் வேலை செய்யும் ஒருத்தி.

ஆண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. காட் மீன் கரைக்கு வருகிற பருவம் அது. வருடத்துச் சம்பாத்தியத்தில் பாதி அந்தச் சில வாரங்களில்தான். பட்டணம் போனால் ஒரு நாள் முழுவதும் போச்சு. அப்போதுதான் டோர்லைஃபின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு என் அடுக்களையில் இருந்திருப்பேன்.

எங்கள் விமானம் போகிற வழி இதுதான். பட்டணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும். இங்கிருந்து ஸ்டாப்னெஸ் போகும். அங்கே சற்று நின்றுவிட்டு, வந்த வழியே எங்கள் ஊருக்குத் திரும்பி, பிறகு பட்டணம் போகும்.

“இங்க ஏறுவோம். ஸ்டாப்னெஸ் போவோம். அதே வண்டியில திரும்பி வந்து இங்க இறங்குவோம். ஏறினது ஒண்ணு, இறங்கினது ஒண்ணு! ஒரு மணி நேரம்கூட ஆகாது. மீனை இறக்கின கையோட போயிட்டு, அடுத்த தூண்டில் கட்டுறதுக்குள்ள வந்துடலாம்” என்றான்.

“அண்ணே, அங்க இறங்கணுமே?” என்று கேட்டான் அவன் படகில் வேலை செய்யும் ஐனார். கவலையோடுதான் கேட்டான்.

“எதுக்குடா இறங்கணும்? உக்காந்த இடத்துலயே உக்காந்திரு. கழுத்துல கத்தி வச்சாலும் இறங்காதே!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஸ்டாப்னெஸ் மண்ணை மிதிப்பதில்லை என்று எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சபதம். காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. இவர்களுடைய அப்பாமார் காலத்தில் இரண்டு ஊருக்கும் நடந்த ஒரு கால்பந்து ஆட்டம். டோர்லைஃபின் அப்பா அடித்த கோலை, நடுவராக நின்ற ஸ்டாப்னெஸ் பாதிரியார் செல்லாது என்று சொல்லிவிட்டார். கோல் அடித்தவரும் போய்ச் சேர்ந்தார், பாதிரியாரும் போய்ச் சேர்ந்தார். வெட்டி வீறாப்புக்கு மட்டும் சாவு வரவில்லை. புயலில் மாட்டி ஸ்டாப்னெஸ் துறைமுகத்தில் ஒதுங்கினால்கூட இவர்கள் படகைவிட்டு இறங்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க நனைந்த காலுறையோடு உள்ளேயே நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. சாயந்திரம் நான் பட்டணத்திலிருந்து வந்து இறங்கும்போது, படியடியில் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். மீன் செதில் ஒட்டிய ரப்பர் உடுப்பு, கையில் காபிக் குடுவை. போருக்குப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஏறுவார்கள். விமானப் பணிப்பெண் ராக்னி நல்ல பெண். ஆனாலும் எத்தனை நாள்தான் மூக்கைப் பொத்திக்கொள்வாள்?

“குன்வோர் அக்கா, உங்க ஆளுங்க இறங்கிப் போன பெறகு சீட்டெல்லாம் கழுவ வேண்டியிருக்கு” என்றாள் ஒருநாள்.

“சீட்டை மட்டும் கழுவி என்னம்மா ஆகப்போகுது” என்றேன்.

பிப்ரவரி முடிவில் ஒரு சாயந்திரம் டோர்லைஃப் படியடியில் என்னை மறித்தான். “இறங்காதே குன்வோர். இப்படியே ஒரு சுத்துப் போயிட்டு வா. ஒரு தலை கூடும்.” ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது எனக்கு நிற்கவே தெம்பு இருக்காது. இருந்தும் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கூத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

பன்னிரண்டு நிமிடம் உண்மைதான். அந்த அதிகாரி அதிலொன்றும் பொய் சொல்லவில்லை. ஐனார் குடுவையைத் திறந்து ஊற்றி, ஆறவைத்து, குடித்து முடிப்பதற்குள் சக்கரம் தரையில் இடித்தது. ஸ்டாப்னெஸ்காரர்கள் நாலைந்து பேர் ஏறக் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் அந்த ஊர் நிலையத்து ஆள் ஒட்வார் தலையை உள்ளே நீட்டினான். கொழுத்த முகம், வாயெல்லாம் பல்.

“வாங்கண்ணே, வாங்க! இறங்கி ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போறது! புதுசா போட்டிருக்கேன்.”

“உன் ஊர்க் காபியைக் குடிக்கிறதுக்கு டீசலைக் குடிக்கலாம்” என்றான் டோர்லைஃப்.

“அதுவும் இருக்குண்ணே. எது வேணும்?”

பத்து ஆண்பிள்ளைகளும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் முன் சீட்டின் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தில்கூட அவர்கள் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மூச்சு முட்டியது. நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

“குன்வோர்! எங்க போறே?” என்று டோர்லைஃப் பல்லைக் கடித்தான்.

“காத்து வாங்க. நான் ஒண்ணும் கோல் அடிச்சவன் மருமகளா இருந்து சாகணும்னு இல்ல.”

ஒட்வார் கை கொடுத்து இறக்கினான். நிலையத்துக்குள் ஒரு காபி ஊற்றிக் கொடுத்தான். எனக்கு ஒரு நாளைக்குக் குடிக்கிற அளவை ஆஸ்பத்திரியில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அன்றைய பங்கில் மிச்சமிருந்ததை அந்தக் கழுநீரில் செலவழித்தேன். அவர்களும் ஒன்றும் மாணிக்கங்கள் இல்லை என்பதற்கு அந்தக் காபியே சாட்சி.

“எதுக்குய்யா இப்படி இளிக்கிறே? பத்துப் பேர் எங்க கணக்குல ஏறிக்கிட்டிருக்கான், உனக்கு வயிறு எரிய வேணாமா?” என்று கேட்டேன்.

ஒட்வார் சுற்றும் முற்றும் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு சொல்லிவிட்டால் எப்படி இருக்கும் என்கிற குஷி ஜெயித்துவிட்டது.

“அக்கா, ஏறின ஊர்லயே இறங்கினவன் பயணியே இல்லை. எங்கயும் போகாதவனை எப்படி எண்ணுவாங்க? ரெண்டு ஊர்லயும் அதே விதிதான். உங்க ஊர் நிலையத்துலயும் தெரியுமே. யாராவது கேட்டாத்தானே சொல்லுவாங்க.”

“அப்ப இத்தனை நாளா இவங்க சுத்தினது?”

“சும்மா சுத்தினதுதான். எங்க ஆளுங்க பட்டணம் போறாங்க. பல்லு புடுங்குறாங்க, கண்ணாடி மாத்துறாங்க, சினிமா பாக்குறாங்க. என் மாமியார் முடி வெட்டிக்கவே நாலு தடவை போயிட்டா.”

நான் திரும்பி விமானம் ஏறினேன். டோர்லைஃப் பன்னிரண்டு நிமிடமும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் ஸ்டாப்னெஸ் மண்ணை மிதித்துவிட்ட கோபம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஐனாரையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டான். என் அடுக்களை மேசையைச் சுற்றிக் கமிட்டி கூடியது.

“யாரு சொன்னது?” என்றான் டோர்லைஃப்.

“ஒட்வார்.”

அவ்வளவுதான். எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா? நம்மள இறக்கிவிடப் பாக்கறான்! நாம ஜெயிக்கிறோம்னு பயந்துட்டான்!” என்றான் டோர்லைஃப்.

“இறங்கினா அவன் ஊருக்கும்தானே ஒண்ணு கூடும்? நம்ம காலால அவனுக்கு எண்ணிக்கை ஏத்தணுமா?” என்றான் ஐனார். அன்றைக்கு அந்த மேசையில் புத்தியோடு பேசப்பட்ட ஒரே வார்த்தை அதுதான். அதையும் அவன் தப்பான இடத்தில் செலவழித்தான்.

“அங்க இறங்க வேணாம்டா. பட்டணம் போங்க. உங்க பல்லுக்கு ஆளுக்கு ஒரு வாரம் போனாலும் டாக்டருக்கு வேலை தீராது” என்றேன். “சந்தேகமா இருந்தா நம்ம ஊர் நிலையத்துலயே போய்க் கேளுங்க.”

“கேட்டா நாம சந்தேகப்பட்டோம்னு ஆயிடும்” என்றான் டோர்லைஃப். இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ நாள் புரட்டிப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

மற்றவர்கள் போன பிறகு அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். கெஞ்சுவது என் பழக்கம் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

“டோர்லைஃப், ஊரை விடு. நீ ஒருத்தன் என்கூட வா. வாரத்துக்கு மூணு நாள் நான் எப்படியும் போறேன். என் பக்கத்துச் சீட்டு எப்பவும் காலிதான். போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. அந்த மெஷின் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டிருக்காங்க, கூட வர்றவங்களுக்குன்னு. ரெண்டு வருஷமா அதுல நான் என் கோட்டைத்தான் போட்டு வச்சிருக்கேன்.”

அவன் பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நொடி, வருகிறேன் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

“சீசன் முடியட்டும் குன்வோர்” என்றான். “அப்புறம், அந்த ஊசி, ரத்தக் குழாயெல்லாம்... எனக்கு அதைப் பாக்க முடியாது, உனக்குத் தெரியும்ல.”

நாள் முழுக்க மீன் வயிற்றைக் கிழிக்கிறவன் சொல்கிறான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் முன்னால் அழுகிற அளவுக்கு அவன் மேல் மரியாதை மிச்சமில்லை. எழுந்து அடுப்பைத் துடைத்தேன்.

ஈஸ்டர் வரைக்கும் பத்துப் பேரும் சுற்றினார்கள். ஒருநாள்கூடத் தவறவில்லை. காற்று அடித்த நாளில் வாந்தி எடுத்துக்கொண்டு சுற்றினார்கள். அவ்வளவு உழைப்பையும் உட்கார்ந்துகொண்டே உழைக்க எங்கள் ஊர் ஆண்களால்தான் முடியும். மீனும் அந்த வருடம் நன்றாகக் கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவு வானொலிச் செய்தியில் வந்தது. ஸ்டாப்னெஸ் நிலைக்கும், லோம்விக் மூடப்படும். வித்தியாசம் மிகக் கொஞ்சம் என்றார்கள். ஊரே என்னைத் திட்டினாலும் சொல்கிறேன், என் புருஷன் ஒருத்தன் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தால் போதும், அந்த வித்தியாசம் ஈடாகியிருக்கும். செய்தியைக் கேட்டுவிட்டு டோர்லைஃப் வானொலியை அணைத்தான்.

“ஸ்டாப்னெஸ்காரன் யாரையோ கைக்குள்ள போட்டுட்டான். விடமாட்டேன். மேல்முறையீடு பண்ணுவோம். புதுக் கமிட்டி போடுறேன்” என்றான்.

“நான் பட்டணத்துல ரூம் பாத்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே” என்றேன்.

“ரூமா? எதுக்கு? ரோட்டுல நான் கூட்டிட்டுப் போறேன்.”

“வாரத்துக்கு மூணு தடவையா?”

“சீசன்ல கொஞ்சம் கஷ்டம். மத்தபடி...”

நான் பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டேன்.

கடைசி விமானத்தை வழியனுப்ப ஊர் திரண்டது. கொடி, பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு, மேலே சர்க்கரைப் பாகில் விமானம் வரைந்த கேக். மூடுவிழாவுக்கு இவ்வளவு அலங்காரம் செய்தவர்கள் பருவத்தில் ஒரு நாளைப் பட்டணத்துக்கு ஒதுக்கியிருக்கலாம். டோர்லைஃப் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நம் போராட்டம் ஓயாது என்று உரக்கப் பேசினான். பேச்சில் என் உயிர் மறுபடியும் ஒரு தடவை வந்து போனது. ஐனார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த விமானத்தில் எங்கள் ஊரிலிருந்து ஏறப்போகிற ஒரே ஆள் நான்தான் என்பது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

பேச்சு முடிந்து டோர்லைஃப் என் பெட்டிகள் இரண்டையும் படி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது. வாத்தியக் குழுவுக்கு நெடுநேரம் கை தட்டியதில் உள்ளங்கை சிவந்திருந்தது. ராக்னி பெட்டிகளை வாங்கிக்கொண்டு, நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று உள்ளே தள்ளி நின்றாள். நான் படியில் இரண்டு எட்டு ஏறிவிட்டேன்.

“குன்வோர்” என்று கீழே நின்று கூப்பிட்டான். முகத்தில் அப்போதுதான் ஏதோ புரிந்த மாதிரி ஒரு கலவரம். “எப்ப திரும்பி வருவே?”

“எதுல?” என்று கேட்டேன்.

அவன் திரும்பி ஓடுபாதையைப் பார்த்தான். நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன், ராக்னி கதவைச் சாத்தினாள்.